அழகரத்தினத்தின் வயிற்றுவார்

தனக்குள் ஒரு கருப்பை இருக்கிறது என்ற செய்தி அழகரத்தினத்துக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் வந்து சேர்ந்தது. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க. ஆனா மீசையப் பத்தியும் எழுதணும்" என்றார். அதனால் முதலில் மீசை.

மீசை பெரியது. இரண்டு முனைகளும் கன்னத்தில் ஏறி, காது வரை போய்ப் பார்ப்போமா என்று யோசித்து நிற்கும். தேங்காயெண்ணெய் தலைக்கு வாரத்தில் ஒரு நாள், மீசைக்குத் தினமும். பேச்சில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் அவருடைய கை தானாக மேலே போய் அதை ஒருமுறை முறுக்கும். அதற்குப் பிறகு எதிரில் இருப்பவர் வாய் திறந்து பயனில்லை.

எங்கள் ஊர் வவுணதீவுக்கு மேற்கே, வட்டை எனப்படும் வயல்வெளிகளுக்கு நடுவே இருக்கிறது. நான் அங்கே ஒரு சின்ன பாமசி நடத்துகிறேன். அழகரத்தினத்தின் வீடு பாமசிக்கு மூன்று வளவு தள்ளி. மூன்று வளவு என்பது அவருடைய குரலுக்குத் தூரமே இல்லை. அவர் காலையில் உழவு இயந்திரக்காரனுக்கு போன் எடுத்தால் நான் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இரண்டு பக்கத்துப் பேச்சையும் ஊகித்துவிடுவேன்.

அவருக்கு உலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது: ஆம்பிளைக்கு உரியது, உரியதல்லாதது. குடை பிடிப்பது ஆம்பிளைக்கு உரியதல்ல. மீனில் முள் எடுத்துச் சாப்பிடுவது, சந்தைக்குப் பை கொண்டுபோவது, படம் பார்த்துக் கண் கலங்குவது, எதுவும் உரியதல்ல. வருத்தம், அதாவது நோய், வருவதும் அப்படித்தான். "ஆம்புளைக்கு வாறது காயம். வருத்தம் பொம்புளையளுக்கு" என்பார். என்னிடம் பனடோல் வாங்க வந்தால் மனைவியின் பெயரைச் சொல்லித்தான் வாங்குவார்.

மனைவி உசாந்தி. மட்டக்களப்புப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குரியது. அழகரத்தினம் ஒரு பயணப் பையோடு அந்த வீட்டுக்குள் வந்தார். அவர் உழும் வயலில் பாதிக்கு மேல் அவளுடைய சீதனம். வந்த முதல் கிழமையே முன் கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால், அந்த வீட்டின் கல்லை அவரே அறுத்துச் சுமந்து வந்து கட்டியது போலிருக்கும் என்று ஊரில் சொல்வார்கள்.

பதினான்கு வருடம் பிள்ளை இல்லை. குறை யாருடையது என்ற கேள்வி அந்த வீட்டில் ஒரு நாளும் எழவில்லை, பதில் முதலிலேயே தயாராக இருந்ததால். உசாந்தி பட்டணத்து கிளினிக்குகளுக்குப் போனாள். நரம்பில் ஊசி, தொடையில் ஊசி. மருந்து செலுத்திக் கருக்குழாய்களைப் படம் பிடித்தார்கள். அன்று அவள் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள், உட்கார முடியவில்லை. வயிற்றில் துளை போட்டு உள்ளே கமெரா விட்டுப் பார்த்தார்கள். விரதம், நேர்த்தி, தீமிதிப்பு. மாமி சீதேவிப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்த கசாயங்களின் பெயர் எனக்கே தெரியாது. எல்லா டொக்டர்மாரும் கடைசியில் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார்கள்: கணவரின் விந்துப் பரிசோதனை. அந்தத் துண்டுகள் அழகரத்தினத்தின் கைக்கு வந்ததும் வேறு உபயோகம் கண்டன. ஒன்று ஆடும் மேசைக்கால் ஒன்றின் அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"டொக்டருக்குக் கண் இல்லயா? ஆளப் பாத்தாத் தெரியாதா?" என்று மீசையைக் காட்டுவார். இரண்டாம் கலியாணம் பற்றியும் அவ்வப்போது சொல்வார். உசாந்தி அடுத்த கிளினிக் நாளைக் கலண்டரில் குறித்துக்கொள்வாள்.

ஆனால் அழகரத்தினத்துக்கு ஒன்று தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். அவருடைய விதைப்பையில் இடது பக்கம் வெறுமை; இருப்பதெல்லாம் வலது பக்கத்தில். அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கு மெடிக்கல் பார்க்க வந்தபோது, தன் முறை வரும் முன்னே யன்னலால் குதித்து ஓடிய பையன் அவர்தான். வளர்ந்தபின் தனக்கென்று ஒரு விளக்கம் வைத்துக்கொண்டார்: பலசாலிகளுக்கு அப்படித்தான், பலம் முழுவதும் ஒரு பக்கம் சேர்ந்துவிடும். இந்த விஞ்ஞானத்தை அவர் யாரோடும் பகிர்ந்துகொள்ளவில்லை, மனைவியோடும். வீட்டில் விளக்கு அணைந்த பிறகே மனைவியின் கணவர் அவர்.

இனி கோயில் கதை. எங்கள் ஊர்க் கோயிலில் ஒவ்வொரு குடியிலிருந்தும் ஒருவர் வண்ணக்கராக இருந்து நிர்வாகம் செய்வார். குடி தாய்வழியால் வருவது. ஒரே குடிக்குள்ளும் எந்தத் தாயின் வயிற்று வழியில் வந்தவர் என்று பார்ப்பார்கள்; அதற்கு வயிற்றுவார் என்று பெயர். தங்கள் வயிற்றுவார்தான் மூத்தது என்று அழகரத்தினம் பத்து வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் நிறுவிக்கொண்டிருந்தார். அந்த வருடம் அவருடைய குடிக்கு வண்ணக்கர் பதவி வெறிதாயிற்று. போட்டிக்கு இருந்தவர் கனகசிங்கம், தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மெல்லப் பேசுவார். மனைவிக்கு மூட்டுவலி என்பதால் வீட்டில் அவரே சமைப்பார். அவரைக் கூட்டத்தில் வைத்து அழகரத்தினம், "சட்டி கழுவுற அரை ஆம்புளையெல்லாம் வண்ணக்கராக ஏலுமா?" என்று கேட்டார். சபை சிரித்தது. கனகசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அது புரட்டாசிக் கடைசி. இரண்டு கிழமை கழித்து, மாரி விதைப்புக்கு விதைநெல் ஏற்றும் நேரம். மூடையை இரண்டு பேராகத் தூக்கிய கூலியாட்களைப் பார்த்து அழகரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. "தள்ளுங்கடா" என்று தனியாகத் தோளுக்கு ஏற்றினார். ஏற்றியவர் அப்படியே நின்றார். முகம் சாம்பலாயிற்று. மூடை ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். வலது கவட்டில் ஒரு தேங்காயளவு புடைத்திருந்தது.

"காயம்… காயம்தான்" என்றார் தரையில் கிடந்தபடி.

உசாந்தி ஓட்டோ பிடித்து ஏற்றினாள். வாவிக்கு மேலே போகும் வலையிறவுப் பாலம் வரும் வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வாவிக் காற்று முகத்தில் அடித்ததும் கத்தத் தொடங்கினார். அந்தக் குரலுக்குப் பாதை தானாக விலகியது என்று ஓட்டோக்காரர் பிறகு சொன்னார்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் குடலிறக்கம் என்று சொல்லி, வலிக்கு ஊசி போட்டு, புடைப்பை மெல்ல உள்ளே தள்ளிவிட்டார்கள். சத்திரசிகிச்சை பிறகு செய்யலாம், வாட்டில் இருக்கட்டும் என்றார்கள். மறுநாள் காலை சத்திரசிகிச்சை நிபுணர் வந்தார். டொக்டர் றமீஸா, காத்தான்குடிக்காரர். நாற்பது வயதிருக்கும். உயரம் அழகரத்தினத்தின் நெஞ்சளவு.

"ஆம்புள டொக்டர் ஒருத்தர் இல்லயா?" என்றார் அழகரத்தினம்.

"இரிக்கார். லீவில போயிரிக்கார். பத்து நாள் செல்லும். காத்திருக்கப் போறீங்களா, சறத்தத் தளர்த்தப் போறீங்களா?"

இடுப்பில் கட்டியிருந்ததைத் தளர்த்தினார். கூரையைப் பார்த்துக்கொண்டு, கேட்காமலே, "எல்லாம் சரியா இரிக்கு டொக்டர், ரெண்டும் இரிக்கு" என்றார்.

டொக்டர் றமீஸாவின் கை இடது பக்கம் போய் நின்றது. "இஞ்ச ஒண்டும் இல்லயே."

"அது… பலம்…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். இத்தனை வருட விஞ்ஞானம் அந்த இடத்தில் முடிந்தது.

ஸ்கானுக்கு அனுப்பினார்கள். ஸ்கான் அறைக்கு வெளியே வாங்குப் பலகையில் பதினொரு பேர். பத்துப் பேர் வயிற்றுப்பிள்ளைக்காரிகள், பதினொன்றாவது ஆள் மீசை வைத்திருந்தார். சலப்பை என்கிற சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னதால், அவர்களைப் போலவே ஒரு போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு, முழங்காலை இறுக்கிப் பிடித்து, பேர் கூப்பிடும் வரை இருந்தார். இதே வாங்கில் இதே மாதிரி உசாந்தி எத்தனை தடவை இருந்தாள் என்று அவர் அன்று யோசித்திருப்பார் என்று நீங்கள் நினைத்தால் நீங்கள் நல்லவர்கள். அவர் யோசித்தது, தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று.

முடிவைச் சொல்ல டொக்டர் றமீஸா இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். மேசையில் ஒரு தாளை வைத்துப் படம் கீறினார்.

"உங்கட ரெண்டு விதையும் ஒரே பக்கத்தாலதான் இறங்கியிரிக்கு. இடப்பக்கத்து விதை குறுக்கால போய் வலப்பக்கத்து வழியால வந்திரிச்சு. அது மிச்சம் அரிது. நானும் என்ட சேவையில இதோட ரெண்டாவது தரம்தான் காணுறன். இன்னொண்டும் இரிக்கு." பேனாவால் சின்னதாக ஒன்றைக் கீறினார். "சலப்பைக்குப் பின்னால, பெருவிரல் அளவில, ஒரு கருப்பை."

"ஆருக்கு?" என்றார் அழகரத்தினம்.

"உங்களுக்கு."

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு டொக்டரைப் பார்த்தார். பிறகு கை மேலே போய் மீசையைப் பிடித்தது. "மிசின் பிழை டொக்டர். எனக்கு முன்னுக்குப் போன பொம்புளையிட படம் மாறி வந்திரிக்கு."

"ரெண்டு தரம் எடுத்தாச்சு. வேணுமெண்டா பெரிய ஸ்கானும் எடுப்பம். அதிலயும் இதான் வரும்."

பிறகு டொக்டர் பொறுமையாக விளக்கினார். "தாயிட வயித்துக்குள்ள இரிக்கக்குள்ள எல்லாப் புள்ளைக்கும் ரெண்டு சோடிக் குழாய் இரிக்கும். ஒரு சோடி ஆணுக்கு, மத்தது பெண்ணுக்கு. ஆம்புளப் புள்ளையெண்டா விதையில இருந்து ஒரு சுரப்பு வந்து, 'நீ தேவையில்ல, கரைஞ்சு போ' எண்டு மத்தச் சோடிக்குச் சொல்லும். உங்கட உடம்புக்கு அது சொன்னது விளங்கல்ல."

"அது பழக்கம்தான் டொக்டர்" என்றாள் உசாந்தி. "ஆரு சொன்னாலும் விளங்கிறதில்ல."

அறைக்குள் அவள் பேசிய முதல் வார்த்தை அது. டொக்டர் றமீஸா சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளைப் பார்த்தார். அழகரத்தினத்தின் குரல் இறங்கியிருந்தது. அந்தக் குரல் அவரிடம் இருந்ததே யாருக்கும் தெரியாது.

"அப்ப டொக்டர்… நான் ஆம்புள இல்லயா?"

"முழு ஆம்புளதான். ரத்தத்த கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம், அதிலயும் அப்பிடித்தான் வரும். ஆம்புளையா இரிக்கிறது ஒரு வருத்தம் இல்ல. அதுக்கு என்னட்ட மருந்தும் இல்ல."

உசாந்தி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினாலு வருசமா என்ட கருப்பையத்தான் எல்லாரும் தேடித் தேடிப் பாத்தாங்க" என்றாள் மெதுவாக. "இவரிட கருப்பைய ஒருத்தரும் பாக்கல்ல."

இந்த இடத்தில் அழகரத்தினம் வாயை மூடிக்கொண்டிருந்தால் விசயம் நாலு சுவருக்குள் முடிந்திருக்கும். டொக்டரும் தாதிமாரும் யாரிடமும் சொல்பவர்கள் இல்லை. ஆனால் அவருக்குத் தாய் ஞாபகம் வந்தது. அறையை விட்டு வெளியே வந்ததும் தாய் சீதேவிப்பிள்ளைக்கு போன் எடுத்தார். சீதேவிப்பிள்ளைக்குக் காது மந்தம். பார்வையாளர் நேரம், ஆஸ்பத்திரி நடைவழியெங்கும் சோற்றுப் பார்சலும் பிளாஸ்க்கும் வைத்துக்கொண்டு சனம்.

"அம்மா! ஸ்கான்ல… கருப்பையாம்!"

மறுமுனை என்ன கேட்டதோ.

"உசாந்திக்கு இல்லகா! எனக்கு! எனக்குக் கருப்பை இரிக்காம்!"

நடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, மகளின் பிரசவத்துக்கு வந்தவள், பிளாஸ்க்கோடு அங்கேதான் நின்றிருந்தாள். மத்தியான பஸ் பாலம் ஏறுவதற்கு முன்னமே கருப்பை ஊருக்கு வந்துவிட்டது. எனக்குச் செய்தி சொன்னவர் சளிக்கு மருந்து வாங்க வந்தவர். வாங்காமலே போய்விட்டார், அடுத்த வீட்டுக்குச் சொல்ல வேண்டியிருந்ததால்.

மறுநாள் சீதேவிப்பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வந்தார். மகனைப் பார்த்து அழுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் கட்டிலருகே உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "எனக்குத் தெரியும் மனே" என்றார்.

பிறந்து சில மாதத்தில் கிளினிக் மிஸ், அதாவது மருத்துவமாது, பார்த்துச் சொல்லியிருக்கிறார்: ஒரு பக்கம் இறங்கவில்லை, பட்டணத்தில் காட்டுங்கள். அழகரத்தினத்தின் தகப்பன் வேலப்போடி விடவில்லை. "என்ட ஆம்புளப் புள்ளையில கத்தி வைக்க விடமாட்டன்" என்று சொன்னாராம். அவர் சொல்லிவிட்டால் சொல்லிவிட்டதுதான். அவருக்கும் மீசை இருந்தது. பிறகு சண்டைக் காலம் வந்தது. பாலத்தில் சோதனைச் சாவடி. ஒரு பக்கம் இறங்காத விதையைக் காட்ட வாவியைத் தாண்டுவது யாருக்கும் பெரிய காரியமாகப் படவில்லை.

"நீங்களும் உங்கட புருசனும் சொந்தமா?" என்று வாட்டுக்கு வந்த டொக்டர் றமீஸா அவரிடம் கேட்டார்.

"ஓம் டொக்டர். அவர் என்ட சொந்த மச்சான்."

"தாய், தகப்பன் ரெண்டு பக்கத்தாலயும் வந்தாத்தான் இது வரும். தம்பிமார் இரிந்தா அவங்களும் பாக்கணும்."

ஒரு தம்பி இருந்தார், கட்டாரில், இரண்டு பிள்ளைகளோடு. அவரும் அங்கே ஸ்கான் எடுத்தார். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அந்தச் செய்தி வந்த அன்று அழகரத்தினம் சந்தோசம் என்று சொல்லிவிட்டு, சோற்றைத் தொடாமல் எழுந்துபோனார்.

சத்திரசிகிச்சைக்கு முன் அந்தப் பழைய துண்டு திரும்பவும் வந்தது. விந்துப் பரிசோதனை. இம்முறை மேசைக்காலுக்குப் போகவில்லை. முடிவில் பூச்சியம் என்று இருந்தது. பல வருடம் தவறான சூட்டில் இருந்த விதைகள் என்று டொக்டர் சொன்னார்; குழந்தையாக இருக்கும்போது, ஒரு வயதுக்குள் இறக்கி வைத்திருந்தால் வாய்ப்பு நன்றாக இருந்திருக்கும். இப்போது செய்வது குடலிறக்கத்தைச் சரிசெய்யவும், புற்றுநோய் வராமல் பார்க்கவும்.

கொழும்பிலிருந்து இரத்த முடிவும் வந்தது. ஆண் என்று தெளிவாக எழுதியிருந்தது. அழகரத்தினம் அதை லெமினேட் செய்து வைத்துக்கொண்டார். உலகத்தில் அடையாள அட்டை, லைசன்ஸ், ஆம்பிளைப் பத்திரம் மூன்றையும் சட்டைப் பையில் கொண்டு திரிந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

சம்மதப் படிவம் நிரப்பும் நாளில் இன்னொரு தகராறு. "கருப்பை எண்டு எழுத வேணாம். கட்டி எண்டு எழுதுங்க" என்றார்.

"நான் எடுக்கப்போறது கட்டி இல்ல" என்றார் டொக்டர் றமீஸா. "பொய் எழுதிட்டுக் கத்தி புடிக்க மாட்டன்."

கூட இருந்த இளம் டொக்டர் அவசரத்தில் எடுத்துவந்தது பெண்களுக்கான அச்சுப் படிவம். கருப்பை அகற்றலுக்குக் கீழே ஒரு கோடு: கணவரின் கையொப்பம். எல்லாரும் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். இளம் டொக்டர் வேர்த்துப்போய் வேறு படிவம் எடுக்க ஓடினார். உசாந்தி அந்தத் தாளை எடுத்துக் கொஞ்ச நேரம் வாசித்தாள்.

"என்ட வயித்துக்குள்ள கமெரா விடக்குள்ள இதுலதான் நீங்க கையெழுத்துப் போட்டீங்க" என்றாள். "வாசிக்காமப் போட்டீங்க. நான் வாசிச்சிட்டன்."

சத்திரசிகிச்சை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நடந்தது. குடலிறக்கத்தின் பையைத் திறந்தபோது இரண்டு விதைகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கிடந்தன. ஒன்று சுருங்கிப் பயனற்றிருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். மற்றது பரவாயில்லை, அதைக் கீழே இறக்கி, திரும்பவும் ஏறிப்போகாதபடி தைத்தார்கள். கருப்பைதான் சிக்கல். விந்துக் குழாய் அதன் சுவரோடு ஒட்டி ஓடும். முழுவதையும் இழுத்தெடுத்தால் குழாயும் அதற்குப் போகும் இரத்தமும் போய்விடும். அதனால் நடுவால் பிரித்து, குழாயோடு ஒட்டிய கீலத்தை மட்டும் விட்டு, மிச்சத்தை வெட்டி எடுத்தார் டொக்டர் றமீஸா. எடுத்தவையெல்லாம் பரிசோதனைக்குப் போயின. ஒரு கிழமைக்குப் பின் புற்றுநோய் இல்லை என்று வந்தது. வருடத்துக்கு ஒருமுறை வந்து ஸ்கான் எடுக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அவர் வாட்டில் இருக்கும்போதே கோயில் கூட்டம் நடந்தது. வண்ணக்கர் தெரிவு. ஒருவர் எழுந்து மிகவும் கவலையான முகத்தோடு, "வயிற்றுவார் எண்டு பாத்தா அழகரத்தினத்துக்குத்தான் முதல் உரிமை. தாயிட வயிறு ஒண்டு, சொந்த வயிறு ஒண்டு" என்றார். சபை கீழே விழுந்து சிரித்தது. இன்னொருவர், அவரிடமிருந்து இனிப் புதுக் குடி ஒன்று தொடங்குமா என்று கேட்டார். நானும் சிரித்தேன். எழுதுகிறவன் அதை மறைக்கக்கூடாது.

சிரிக்காதவர் கனகசிங்கம் ஒருவர்தான். எழுந்து சால்வையை உதறித் தோளில் போட்டார். "வருத்தத்தில கிடக்கிறவனப் பாத்துச் சிரிக்கிற சபைக்கு நான் தலைவனா இரிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். சமைக்க நேரமாகியும் இருக்கலாம். சபைக்கு வேறு வழியில்லாமல் மூன்றாவதாக ஒருவரைத் தேட வேண்டிவந்தது. கூட்டம் தொடங்கியதிலிருந்து தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, நீங்கள்தான் வண்ணக்கர் என்றார்கள். அவர் இன்றும் நன்றாகத்தான் நடத்துகிறார். ஒன்றும் செய்வதில்லை என்பதால் ஒரு சண்டையும் இல்லை.

அந்த மாதம் என் பாமசியில் ஒரு புதினம் நடந்தது. மெல்லிய குரலில் பேச ஆண்கள் வரத் தொடங்கினார்கள். எல்லாரும் ஒரு நண்பருக்காகத்தான் கேட்டார்கள். நண்பருக்கு ஒரு பக்கம் சின்னதாம்; நண்பருக்குக் கவட்டில் ஏதோ தட்டுப்படுகிறதாம். அந்த நண்பர்களையெல்லாம் கிளினிக்குப் போகச் சொன்னேன். கூட்டத்தில் புதுக் குடி பற்றிக் கேட்டவரின் நண்பருக்கும் குடலிறக்கம் இருந்தது; சத்திரசிகிச்சைக்குப் போனவர் ஏனோ அவரே.

அழகரத்தினம் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் வாசல் படலையைத் தாண்டவில்லை. குரல் கேட்காததால் நான் கடை திறக்கும் நேரமே பிந்திப்போனது. பிறகு ஒரு நாள் கிளினிக்கிலிருந்து உற்சாகமாக வந்தார். கொழும்பில் ஒரு வழி இருக்கிறதாம். விதையில் ஊசியால் தேடி, ஓரிரண்டு விந்து கிடைத்தாலும் போதும், கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்துப் பிள்ளை உண்டாக்கலாமாம். வாய்ப்புக் குறைவு என்று டொக்டர் சொன்னதை அவர் வழியில் எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தார்.

"உசாந்தி! போவம்! உனக்கு ஒரு பத்துப் பதினஞ்சு ஊசி மட்டும்தான், மறுகா முட்டைய எடுத்து…"

அவள் முற்றத்தில் அவித்துக் காயப்போட்ட நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இல்ல."

"என்ன இல்ல?"

"என்ட உடம்ப இனி ஒருத்தருக்கும் காட்டமாட்டன். பதினாலு வருசம் காட்டினது போதும். உங்களுக்கு வேணுமெண்டா நீங்க போய்க் குத்திப் பாருங்க. இல்ல ரெண்டாம் கலியாணம் எண்டு சொல்லுவீங்களே, அதுக்கும் போங்க. பேக் அலுமாரிக்கு மேல இரிக்கு. நீங்க கொண்டு வந்த அதே பேக்."

எல்லாரும் கேட்கத்தக்கதாகவே சொன்னாள். மருந்து கொடுக்கப் போன நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன், அந்தப் பக்கம் அடுத்த வீட்டார். அழகரத்தினத்தின் கை மேலே போகத் தொடங்கி, நடுவழியில் நின்று, காதைச் சொறிந்துவிட்டு இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவர் அவளிடமிருந்து துழாவியை வாங்கி நெல்லைத் துழாவினார். மோசமாகத்தான் துழாவினார், அவள் பிறகு எல்லாவற்றையும் திரும்பத் துழாவ வேண்டியிருந்தது. இப்போதும் அவர்கள் சேர்ந்துதான் இருக்கிறார்கள். அவள் அவரை மன்னித்துவிட்டாளா என்று ஒருமுறை கேட்டேன். "அதுக்கு இன்னும் நேரம் கிடைக்கல்ல" என்றாள். சீதனக் காணியை அடுத்த போகத்திலிருந்து அவளே செய்விக்கிறாள். உழவுக்காரருக்கு போன் எடுப்பதும் அவள்தான். ஒரு சத்தமும் கேட்பதில்லை.

அழகரத்தினத்தின் சத்தம் அதனால் வேறு வழி தேடியது. ஊரில் ஆண்பிள்ளை பிறந்தால் இப்போது அவருக்குத் தகவல் தேவை. ரோட்டில் இளம் தகப்பன்மாரை மறிப்பார். "ரெண்டும் இறங்கிட்டா? தொட்டுப் பாத்தியா? ஆறு மாசத்துக்குள்ள இறங்கல்லண்டா டொக்டரிட்டக் கொண்டு போ. ஒரு வயசுக்குள்ள முடிக்கணும். என்னப் பாரு!" என்பார். பஸ் நிற்கும் இடத்திலும் சொல்வார், செத்த வீட்டிலும் சொல்வார். குழந்தைகள் கிளினிக் நடக்கும் நாளில் அவரைக் கண்டால் குடும்பநல மிஸ் ஸ்கூட்டியை வேறு ஒழுங்கையால் திருப்பிவிடுகிறார். அவர் சொல்ல வேண்டியதையெல்லாம் இந்த மனிதர் இன்னும் உரத்துச் சொல்லிவிடுவதால் அவருக்கு வேலை குறைந்திருக்கிறது என்பதும் உண்மை. போன வருடம் மட்டும் இரண்டு குழந்தைகள் அவருடைய தொல்லை தாங்காமல் டொக்டர் றமீஸாவிடம் கொண்டுபோகப்பட்டார்கள். ஒருவனுக்கு மூன்று மாதத்தில் தானாக இறங்கியது. மற்றவனுக்குப் பதினோராம் மாதம் சத்திரசிகிச்சை செய்து இறக்கினார்கள். தாய் தகப்பன் வந்து நன்றி சொன்னபோது அழகரத்தினம் முன் கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, தானே கத்தி பிடித்தது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன மாதம் எங்கள் ஊர்ப் பெண் தனுஷாவின் குழந்தைக்கு முப்பத்தொன்று, அதாவது பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு. ஊரே போயிருந்தது. அழகரத்தினமும் உசாந்தியும் வந்திருந்தார்கள். குழந்தை பட்டுத் துணியில் சுற்றிக் கிடந்தது. அழகரத்தினம் பந்தலுக்குள் கால் வைத்ததுமே, ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், தகப்பனைப் பார்த்து முழுக் குரலில் கேட்டார்:

"மருமகன், ரெண்டும் இறங்கிட்டா?"

ஐயர் நிறுத்தினார். தகப்பன் விழித்தார்.

"மாமா, இது பொம்புளப் புள்ள" என்றாள் தனுஷா.

உசாந்தி அவருடைய சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்து, ஒரு கதிரையில் இருத்தினாள். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கட்டும் என்று, பந்தல் முழுவதும் கேட்கச் சொன்னார்:

"பொம்புளப் புள்ளையெண்டாலும் ஒருக்கா ஸ்கான் எடுத்துப் பாக்கிறது நல்லம்."